உக்கினது பைபர்கிளாஸ் இல்லை, அதற்குள் இருக்கிற மரம்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். 1974இல் செய்த 16 அடி பைபர்கிளாஸ் மோட்டார் போட் ஒன்று, ஒன்டாரியோவில் மஸ்கோகா பக்கம் ஒரு கொட்டேஜில் பத்து வருடமாகத் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது, 900 டொலருக்கு வாங்கியிருக்கிறீர்கள். கூடவே 70 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் மோட்டாரும் டிரெயிலரும். ஓட்டுகிறவர் கால் வைக்கிற இடத்தில் தரை அமுங்குகிறது. அதன் மேலே அரை அங்குல பிளைவுட்டை அடித்து, வெளியே பெயின்ட் பூசி, வருகிற யூலையில் சிம்கோ ஏரியில் இறக்கலாமா, கண்ணாடி நாரை ஒட்டி இறுக்குகிற ரெசின் எபொக்சியா பொலியெஸ்டரா, இதுதான் கேள்வி.

இறக்க வேண்டாம். தயவுசெய்து அந்தப் பலகையை வாங்கவும் வேண்டாம். நீங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் வாங்கிய முதல் போட்டும் இப்படித்தான். 17 அடி, பார்க்க வடிவாக இருந்தது, பளபளவென்று புதுப் பெயின்ட், தரையில் புதுக் கார்ப்பெட். விற்றவர் உக்கிய தரைக்கு மேலே இன்னொரு தரை அடித்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இரண்டாவது கோடையில் சிம்கோவில் காற்றுக் கிளம்பி, அந்த ஏரியில் அலை எவ்வளவு கெதியாக எழும்பும் என்று போனவர்களுக்குத் தெரியும், நான் கரைக்கு வர வேகம் கூட்டியபோது பின்னால் மரம் முறிகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மோட்டாரின் தலை பின்பக்கமாகச் சரிந்திருக்கிறது, பின்சுவரின் மேல்விளிம்பில் ஒரு கோடு வாய்போலத் திறந்து மூடுகிறது. அன்றைக்கு என்னோடு என் மகள் இருந்தாள், அப்போது ஒன்பது வயது. வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் மோட்டாரைக் கட்டிய கயிற்றையும் பிடித்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் ஊர்ந்து வந்து கரை சேர்ந்தோம். அந்தக் குளிர்காலம் முழுக்க அதைத் திறந்து பார்த்தேன். அதற்குப் பிறகு மூன்று பழைய போட்டுகளை அடிவரை பிரித்து மீளச் செய்திருக்கிறேன்.

இனி விசயத்துக்கு வருவோம். கனபேர் நினைக்கிறார்கள் பைபர்கிளாஸ் போட் என்றால் முழுக்க பைபர்கிளாஸ் என்று. அப்படியில்லை. அந்தக் காலத்துப் போட்டில் வெளி ஓடு மட்டும்தான் கண்ணாடி நாரும் ரெசினும். அந்த ஓட்டை விறைப்பாக வைத்திருப்பது மூன்று மர வேலைகள்: மோட்டார் தொங்குகிற பின்சுவர், அதாவது ட்ரான்சம், அடியில் முன்னிருந்து பின்னுக்கு ஓடுகிற நீளச் சட்டங்கள், ஸ்ட்ரிங்கர் என்பார்கள், அந்தச் சட்டங்களின் மேல் கிடக்கிற பிளைவுட் தரை. மூன்றுமே மெல்லிய பைபர்கிளாஸ் தோலால் மூடப்பட்டிருக்கும். மூடியிருக்கும் வரை மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இருக்கையைப் பொருத்த ஒருவர் தரையில் திருகாணி இறக்குவார், ஆழம் பார்க்கிற கருவியைப் பூட்ட இன்னொருவர் ட்ரான்சத்தில் நாலு ஓட்டை போடுவார், ஒருவரும் அந்த ஓட்டைக்குள் சீலன்ட் வைத்திருக்க மாட்டார். ஐம்பது வருடத்தில் எத்தனை திருகாணி! தண்ணீர் உள்ளே போக வழி தெரியும், வெளியே வரத் தெரியாது. ஈரம், கொஞ்சம் காற்று, பூஞ்சணம் மூன்றும் சேர்ந்தால் மரம் உக்கும். கனடாவில் இன்னொன்றும் நடக்கும்: உள்ளே ஊறிய தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து பெருத்து, மரத்தையும் தோலையும் பிரித்துவிடும். அடுத்த கோடையில் அந்த இடைவெளிக்குள் இன்னும் அதிகத் தண்ணீர் இறங்கும்.

ஓடு மட்டும் பெரும்பாலும் கல்லுப்போல இருக்கும். அறுபது எழுபதுகளில் கையால் மெட்டையும் (வெட்டிய கண்ணாடி நாரைப் பாய்போல ஒட்டிய விரிப்பு) நெய்த நாரையும் மாறி மாறி வைத்து, ரெசினைப் பூசி, தாராளமாகத் தடிப்பாகச் செய்தார்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ரே கிரீன் 1942இலேயே பொலியெஸ்டர் ரெசினில் சின்னப் படகு செய்துவிட்டார், ஆனால் ஐம்பதுகளின் கடைசியில்தான் இந்தத் தொழில் பெருகியது. இந்தப் புதுப் பொருள் எவ்வளவு மெல்லியதாக இருந்தால் போதும் என்று அப்போது துணிந்து குறைக்கவில்லை, அதனால் நமக்கு லாபம். இதை நான் புத்தகத்தில் மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. நான் யாழ்ப்பாணத்துக் காரைநகர். நோர்வேக்காரர் உதவியோடு எங்களூரில் நடந்த சீநோர் படகுத் தளத்தில் எங்கள் மாமா ஒருவர் வேலை செய்தார். எழுபதுகளில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் அங்கே எட்டிப் பார்ப்பேன். அச்சுக்குள் ஜெல்கோட் என்கிற வெளிமுகத்து நிறப் பூச்சைப் பூசி, மெட்டை விரித்து, தூரிகையைத் தேய்க்காமல் குத்திக் குத்தி ரெசினை ஏற்றுவார்கள், வெள்ளை மெட் மெல்ல மெல்லக் கண்ணாடிபோலத் தெளியும். தெளியாமல் வெள்ளையாக ஒரு புள்ளி நின்றாலும் மாமா ரோலரை எடுத்துக்கொண்டு திரும்ப வருவார், உள்ளே காற்று நிற்கிறது என்று. ஐம்பது வருடத்துக்குப் பிறகு மார்க்கம் நகரில் என் கராஜில் ரெசின் வாளியைத் திறந்தால் அதே மணம்தான் வரும்.

சரி, உங்கள் போட்டில் எவ்வளவு உக்கியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் பிளாஸ்டிக் தலைச் சுத்தியல் ஒன்றால், இல்லாவிட்டால் ஒரு திருப்புளிப் பிடியால், ட்ரான்சத்தை வெளியிலும் உள்ளேயும் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இடம் டக் டக் என்று கூர்மையாகச் சொல்லும். உக்கின இடம் பொத் என்று அடங்கும். அரை மணித்தியாலத்தில் காது பழகிவிடும். அடுத்து மோட்டாரை நேராக இறக்கிவிட்டு, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி ஆட்டுங்கள், இன்னொருவர் ட்ரான்சத்தின் மேல்விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். சுவர் வளைவது கண்ணுக்குத் தெரிந்தால் பிறகு பேச்சில்லை. தெரியாவிட்டாலும் நிறுத்தாதீர்கள். உள்பக்கமிருந்து, அடியில், வெளித்தோலைத் துளைக்காமல் 3 மில்லிமீட்டர் துளைகள் நாலைந்து போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் வருகிற மரத்தூளை ஒரு வெள்ளைத் தாளில் தட்டுங்கள். மஞ்சளாக, காய்ந்து, உதிரியாக வந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. பிளேன்டீ நிறத்தில், ஈரமாக, துளைகோலில் ஒட்டிக்கொண்டு வந்தால் போய்விட்டது. இந்தச் சோதனைக்கு நிகரானது வேறொன்றும் இல்லை, பிறகு துளைகளைத் தடிப்பாக்கிய ரெசினால் அடைத்துவிடலாம்.

ஸ்ட்ரிங்கருக்கும் இதே மாதிரித்தான், தரையில் ஒரு சதுரம் வெட்டி எடுத்து உள்ளே பாருங்கள். அங்கே மஞ்சள் நுரையும் இருக்கும். போட் தண்ணீரில் மூழ்கினாலும் மிதக்க வேண்டும் என்று ஊற்றிய பொலியூரித்தேன் நுரை அது. கையால் ஒரு துண்டைப் பிய்த்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் உங்கள் போட் நூற்றுக்கணக்கான இறாத்தல் தண்ணீரைச் சுமந்துகொண்டிருக்கிறது. என்னுடையதிலிருந்து வெளியே எடுத்த ஈர மரத்தையும் நுரையையும் குப்பைப் பையில் கட்டி, குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன், 280 இறாத்தலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. இரண்டு பெரிய ஆட்கள் எப்போதும் தரைக்குக் கீழே படுத்திருந்த மாதிரி.

இடையில் ஒன்று: உங்களுடையது பொஸ்டன் வேலர் வகையாக இருந்தால் நான் சொல்வதில் பாதி பொருந்தாது. 1958இல் வந்த அந்த 13 அடிப் படகிலிருந்தே அவர்கள் இரண்டு ஓடுகளுக்கு நடுவே நுரையை நிரப்பிச் செய்கிறார்கள், 1961இல் அதை நடுவில் வாளால் அறுத்து இரண்டு பாதியும் மிதக்கிற படம் லைஃப் சஞ்சிகையில் வந்து பெயர் பெற்றது. அதில் திறந்து பார்க்கத் தரை என்று தனியாக ஒன்று இல்லை, வைத்தியம் வேறு. நீங்கள் சொல்கிற மாதிரித் தரை அமுங்குகிறது என்றால் உங்களுடையது சாதாரண மரச்சட்டப் போட்டாகத்தான் இருக்கும். எது என்று நிச்சயமாகத் தெரிய, ட்ரான்சத்தின் வெளிப்பக்கம் வலது மேல்மூலையில் பதித்த, ஓட்டின் அடையாள எண்ணைப் பாருங்கள். 1972 நவம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் செய்த போட்டுகளுக்கு 12 எழுத்தும் இலக்கமும் கொண்ட எண் கட்டாயம். முதல் மூன்று எழுத்து செய்த நிறுவனம், கடைசி நாலில் திகதி இருக்கும்.

சோதனையில் மரம் போய்விட்டது என்று தெரிந்தால், வேலையைத் தொடங்குவதா போட்டை விடுவதா என்று அந்த இடத்திலேயே முடிவெடுங்கள். நான் ஒளிக்காமல் சொல்கிறேன், ட்ரான்சம், ஸ்ட்ரிங்கர், தரை மூன்றையும் ஒருவர் தனியாக மாலையிலும் சனி ஞாயிறிலும் செய்வதென்றால் 200 மணித்தியாலத்துக்குக் குறையாது. என்னுடைய 16 அடிக்கு இரண்டு கோடை போனது. ரெசின், நார், பலகை, நுரை எல்லாம் சேர்த்தால் நீங்கள் போட்டுக்குக் கொடுத்த விலையைப்போல மூன்று நாலு மடங்கு போகும், மோட்டார் செலவு அதில் இல்லை. திரும்ப விற்றால் அந்தக் காசு வராது. அந்த வடிவம் பிடித்திருக்கிறது, கையால் செய்ய ஆசை, கராஜ் இருக்கிறது என்றால் செய்யுங்கள், இதைப்போல மனம் நிறைகிற வேலை குறைவு. வருகிற யூலையில் மீன்பிடிக்கப் போவதுதான் முக்கியம் என்றால் பழைய அலுமினியப் படகு ஒன்றைத் தேடுங்கள்.

செய்வது என்று முடிவெடுத்தால், வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதில்தான் கனபேர் பிழை விடுகிறார்கள். தரையும் சட்டமும் போனபின் வெறும் ஓடு இடியப்பத் தட்டுப்போல நெகிழும். டிரெயிலரின் இரண்டு நீளக் கட்டைகளும் ட்ரான்சத்தின் கடைசி விளிம்பு வரை வருகின்றனவா என்று பாருங்கள், குறைவாக வந்தால் ஓட்டின் அடி அந்த இடத்தில் ஏற்கெனவே தொய்ந்திருக்கும், ஒரு நேர்ச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் தெரியும். அடியில் குறைந்தது நாலு இடத்தில் ஓட்டின் வளைவுக்கு ஏற்ற தாங்கி செய்து, சமமட்டம் பார்த்து, அசையாமல் நிறுத்துங்கள். பக்கச் சுவர்களின் மேல்விளிம்பில் குறுக்காக இரண்டு அல்லது மூன்று மரச் சட்டங்களைத் திருகி விடுங்கள், சுவர் விரியாது. ஒரு பக்கத்து ஸ்ட்ரிங்கரை எடுத்து, புதியதைப் பொருத்திய பிறகுதான் மறுபக்கத்தைத் தொடுங்கள். எனக்கு ஒரு போட் முக்கால் அங்குலம் விரிந்து, மேல்மூடி திரும்பப் பொருந்தாமல் ஒரு மாதம் போனது, அந்தச் சட்டம் திருக நான் மினக்கெடாததால்தான். வெட்டுவதற்கு முன் அணியத்திலிருந்து, அதாவது போட்டின் மூக்கிலிருந்து, ட்ரான்சத்துக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, அதிலிருந்து தரை எவ்வளவு கீழே, ஸ்ட்ரிங்கர் உச்சி எவ்வளவு கீழே என்று அடிக்கு ஒரு முறை அளந்து எழுதி, படம் எடுத்து வையுங்கள். உக்கிய மரம் துண்டு துண்டாகத்தான் வரும், அதை வைத்து அளவு எடுக்க முடியாது.

ட்ரான்சத்தை உள்ளிருந்து செய்யுங்கள். வட்ட வாளின் ஆழத்தை உள்தோலின் தடிப்புக்கு மட்டும் வைத்து, ஓரமெல்லாம் இரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் உள்தோல் கதவுபோலக் கழன்று வரும். என் 17 அடியில் அந்தத் தோலை நெம்பியதும் முதலில் வந்தது மணம், குளத்தில் தேங்காய் மட்டை ஊறப்போட்ட இடத்து மணம். பிறகு கறுப்பாகத் தண்ணீர் வழிந்தது. பிளைவுட் என்று சொல்லக்கூடிய ஒன்றும் அங்கே இல்லை, கையுறை போட்ட கையால் அள்ளி வாளிக்குள் போட்டேன். மோட்டார் போல்ட்டுகள் இருந்த இடத்தில் மட்டும் ஒரு உள்ளங்கை அளவுக்கு மரம் கெட்டியாக நின்றது, அவ்வளவு பாரத்தையும் அந்தத் துண்டுதான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தத் துண்டை இன்றைக்கும் கராஜில் வைத்திருக்கிறேன்.

மரம் முழுக்கப் போன பிறகு 36 அல்லது 40 இலக்கத் தேய்ப்பு வட்டால் கிரைண்டர் பிடித்து, வெளித்தோலின் உள்முகம் பளபளப்பு ஒன்றும் இல்லாமல் வெள்ளையாக, காய்ந்து, நார் தெரிகிறவரை தேய்க்க வேண்டும். இதைப் பிடிக்காத வேலை என்று ஓட்டி முடிக்கிறவர்கள்தான் பிறகு ரெசின் ஒட்டவில்லை என்று முறைப்படுகிறார்கள். பழைய பொலியெஸ்டர் புதியதோடு இரசாயனமாகச் சேராது, கீறலைப் பிடித்துத்தான் நிற்கும், கீறல் இல்லையென்றால் பிடியும் இல்லை. தேய்க்க முன்னும் ஒருதரம் அசிட்டோனால் துடையுங்கள், இல்லாவிட்டால் மெழுகையும் எண்ணெயையும் கீறலுக்குள்ளேயே தேய்த்து விடுவீர்கள். தேய்க்கும்போது கழுத்து வரை மூடிய உடுப்பு, கண்ணுக்கு மூடிய கண்ணாடி, இரண்டு பக்கமும் வடிகட்டி உள்ள ரப்பர் முகமூடி, இவை இல்லாமல் தொடங்க வேண்டாம். வேலை முடிந்ததும் முதலில் குளியுங்கள். கண்ணாடித் தூள் தோலில் நின்றால் இரண்டு நாள் சொறிவீர்கள். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கவும் வேண்டாம்.

இனி ரெசின். இதில் சண்டை போடுகிறவர்கள் நிறைய, என் முடிவைச் சொல்கிறேன். உங்கள் வேலைக்குப் பொலியெஸ்டர் போதும், போட்டையே அதில்தான் செய்தார்கள், எபொக்சியின் விலை இரண்டு மடங்குக்கு மேலே, பொலியெஸ்டர் கெதியாக இறுகுவதால் ஒரே நாளில் மூன்று அடுக்கு வைக்கலாம், மேலே ஜெல்கோட் பூசவும் தடையில்லை. எபொக்சி மரத்தையும் பழைய பைபர்கிளாஸையும் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை, ஓட்டில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு ஓட்டையை அடைப்பதென்றால் நானே எபொக்சிதான் எடுப்பேன். ஆனால் எபொக்சிக்கு மேலே பொலியெஸ்டரும் ஜெல்கோட்டும் நம்பி நிற்காது, அதனால் ஒரு இடத்தில் எபொக்சியைத் தொட்டால் அந்த இடத்தில் கடைசிவரை எபொக்சியும் அதற்கு மேலே பெயின்ட்டும் என்று போங்கள். எபொக்சியோடு சாதாரண வெட்டுநார் மெட்டையும் வாங்காதீர்கள், அந்த மெட்டை ஒட்டிவைக்கும் பசை பொலியெஸ்டரில் இருக்கிற ஸ்டைரீனில்தான் கரையும், எபொக்சியில் அது விறைத்துக்கொண்டு நிற்கும். தைத்து வருகிற 1708 என்ற இருதிசை நார்த் துணி இரண்டுக்கும் சரி. நாரின் எடைக்குச் சமமான எடை ரெசின் குடிக்கும் என்று கணக்கு வைத்து வாங்குங்கள், எபொக்சியோ பொலியெஸ்டரோ கூடுதலாக ரெசின் நிற்பது பலம் இல்லை, உடையும்.

பொலியெஸ்டரில் கவனிக்க வேண்டியது ஹார்டனரும், அதாவது ரெசினை இறுக வைக்கக் கலக்கிற திரவமும், வெப்பமும். ஒரு லீற்றர் ரெசினுக்கு ஹார்டனர் 15 மில்லிலீற்றர் சுற்றிவர, வெயில் நாளில் 10, குளிர்ந்த நாளில் 20, அதற்கு மேலே போகாதீர்கள். கராஜ் 15 பாகைக்குக் கீழே என்றால் வேலையை நிறுத்துங்கள், ஹார்டனரைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்று நினைக்க வேண்டாம். நம்முடைய ஊரில் மே நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் கடைசிவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கலக்கியதை வாளிக்குள் விடாமல் அகலமான தட்டில் ஊற்றினால் சூடு பிடிக்காது, வாளியில் விட்டால் புகை கிளம்பும், நெருப்பும் பிடிக்கலாம். அந்த ஹார்டனர் கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகலாம், வேலை செய்கிற இடத்திலேயே தண்ணீர்க் குழாயை இழுத்து வையுங்கள், அசிட்டோனோடு அதை ஒருபோதும் கலக்காதீர்கள். அடுக்கு வைக்க மெழுகு இல்லாத ரெசின், கடைசிப் பூச்சுக்கு மட்டும் மெழுகு கலந்தது, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். ஸ்டைரீன் மணத்துக்குத் தூசி முகமூடி உதவாது, ஆவி வடிகட்டி வேண்டும்.

புது ட்ரான்சத்துக்கு முக்கால் அங்குல மரைன் பிளைவுட் இரண்டு, ஒட்டினால் ஒன்றரை அங்குலம். வன்பொருள் கடையில் கிடைக்கிற பச்சை மருந்தேற்றிய பலகை வேண்டாம், அது ஈரமாக வரும், காய்ந்து சுருங்கும்போது ரெசினை விட்டு விலகும். மரமே வேண்டாம் என்றால் நாரேற்றிய நுரைப் பலகைகள் இருக்கின்றன, உக்காது, விலைதான் கண்ணைக் கட்டும். தடித்த அட்டையில் மாதிரி வெட்டிப் பார்த்து, பலகையை வெட்டி, விளிம்பெல்லாம் ரெசின் குடிக்க விட்டு, பிறகு வெளித்தோலில் சிலிக்கா தூள் கலந்து தடிப்பாக்கிய ரெசினைப் பல்லுக் கரண்டியால் பூசிப் பலகையை அமுக்குங்கள். பதம் எப்படி என்று கேட்டால், உழுத்தங்களி பதம்: கரண்டியைத் தூக்கினால் விழக்கூடாது, தள்ளினால் பரவ வேண்டும். அந்தச் சிலிக்கா தூளைக் கலக்கும்போது காற்றில் பறக்கும், முகமூடியைக் கழற்றாதீர்கள். வெளியே இரண்டு நேரான மரச்சட்டங்களை வைத்துப் பிடிகருவியால் இறுக்குங்கள், தோல் மெல்லியது, வளைந்தபடி ஒட்டிவிட்டால் பிறகு பெயின்ட்டில் தெரியும். நாலு பக்கமும் விளிம்பிலிருந்து கொஞ்சம் பிதுங்கி வந்தால் உள்ளே இடைவெளி இல்லை என்று அர்த்தம். மூலைகளை 12 மில்லிமீட்டர் வளைவாக அதே களியால் நிரப்பி, அதன் மேல் நார்த் துணி மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தியதைவிட இரண்டு அங்குலம் கூடுதலாகப் பக்கச் சுவரிலும் அடியிலும் ஏற வேண்டும். நார் கூரான மூலையில் மடங்காது, தூக்கிக்கொண்டு நிற்கும், அதற்குத்தான் அந்த வளைவு.

ஸ்ட்ரிங்கரும் இதே வேலைதான், ஒரு வித்தியாசம்: மரத்தை நேரடியாக ஓட்டில் உட்கார வைக்காமல் களிமேலே கால் அங்குலம் உயர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் அலை அடிக்கும்போது ஓடு அந்த விளிம்பில் வளைந்து காலப்போக்கில் வெடிக்கும். தண்ணீர் பின்னுக்கு ஓட அடியில் துளை விட்டு, துளையின் உட்புறத்தையும் ரெசினால் மூடுங்கள். பழைய ஈர நுரையை எடுத்துவிட்டுப் புதியது ஊற்றாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கன அடிக்கு 2 இறாத்தல் அடர்த்தியுள்ள இருபாக நுரை, ஒரு கன அடி கிட்டத்தட்ட 60 இறாத்தலைத் தண்ணீரில் தாங்கும். தண்ணீர் நிரம்பினாலும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு மேடை இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், ஒரேயடியாக ஊற்றினால் நடுவில் கருகும். அடியின் நடுக்கோடான ஏராவோடு ஒரு வாய்க்கால் மட்டும் நுரை இல்லாமல் விடுங்கள். தகரக் குப்பியில் வருகிற கதவிடுக்கு நுரை இதற்கு ஆகாது, அது பஞ்சுபோல ஊறும்.

பிறகு ஒரு துளை போட்டாலும் இந்த முறையை விடாதீர்கள்: வேண்டியதைவிடப் பெரிதாகத் துளைத்து, ரெசினால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவில் துளைத்து, சீலன்ட் வைத்துப் பூட்டுங்கள். மோட்டார் போல்ட், அடித் தண்ணீரை வடிக்கிற அடைப்பு ஆணிக் குழாய், ஏணி, எல்லாவற்றுக்கும். தண்ணீர் போனாலும் ரெசினைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. அந்த ஐந்து நிமிடத்தை முந்திய சொந்தக்காரர்கள் செலவழித்திருந்தால் இன்றைக்கு உங்களுக்கு இந்த வேலையே இல்லை.

வெளிப்பூச்சைக் கடைசியில் பாருங்கள். மங்கிய ஜெல்கோட் பெரும்பாலும் செத்திருக்காது, 600, 800, 1000, 1500 இலக்கத் தேய்ப்புத் தாள் என்று தண்ணீர் போட்டுத் தேய்த்து, கொம்பவுண்டும் மெழுகும் போட்டால் அந்தக் காலத்து நிறம் திரும்ப வரும், பெயின்ட் அடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். சிலந்தி வலை வெடிப்பு ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் அதற்குக் கீழே ஏதோ வளைகிறது, காரணத்தைச் சரிசெய்யாமல் நிரப்பினால் அடுத்த வருடம் திரும்ப வரும். பெயின்ட்தான் என்றால் ஒருபாகப் பெயின்ட்டை ரோலரில் பூசித் தூரிகை நுனியால் மெல்ல இழுங்கள். இருபாக யூரித்தேனை வீட்டில் விசிறி அடிக்க வேண்டாம், அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு அது விளையாட்டில்லை.

மோட்டாருக்கு ஒரு டொலர் செலவழிக்க முன் ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் அளந்து பாருங்கள். வருகிற இலக்கத்தைவிட ஒற்றுமைதான் முக்கியம், ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருந்தால் மோட்டார் வாழும். கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள், பால்தேநீர் நிறம் என்றால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. பத்து வருடம் கிடந்ததால் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் விசிறியையும் பெற்றோல் குழாய்களையும் பார்க்காமலே மாற்றுங்கள், பழைய குழாய் எதனோலில் உள்ளே கரைந்து காபரேட்டரை அடைக்கும். தண்ணீர் இல்லாமல் பத்து விநாடி கூட இயக்கிப் பார்க்காதீர்கள். எண்ணெய்க் கலவை அந்த மோட்டாரின் கைநூல் சொல்கிறபடி, அந்தக் காலத்து மோட்டார்கள் பலவற்றுக்கு 50க்கு 1. உள்ளே பதித்த குதிரைவலுத் தகடு 70ஐத் தாங்குமா என்றும் பாருங்கள், முந்தியவர் பெரிய மோட்டாரை மாற்றிப் பூட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

கடதாசி வேலையும் மறக்க வேண்டாம். 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் என்றால் போட்டுக்கு உரிம எண் வேண்டும், மோட்டார் எவ்வளவு சின்னதென்றாலும் ஓட்டுகிற உங்களுக்கும் ஓட்டுநர் அட்டை வேண்டும், 2009 செப்டெம்பரிலிருந்து எல்லா வயதினருக்கும் அது கட்டாயம். விற்றவரிடம் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம் இல்லாவிட்டால் இன்றைக்கே போய் வாங்குங்கள்.

இந்தக் கிழமை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ட்ரான்சத்தில் அடியில் அந்த நாலு துளையைப் போட்டு, மரத்தூளை இடம் குறித்து வெள்ளைத் தாளில் வைத்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள், வெயிலில் எடுங்கள், நிறம் சரியாகத் தெரியும். போட்டின் உள்பக்கம் ஒரு படம், டிரெயிலர் கட்டைகள் ட்ரான்சத்தைச் சந்திக்கிற இடம் ஒரு படம். அதைப் பார்த்துவிட்டு எங்கே வெட்டுவது, எவ்வளவு பலகை, எவ்வளவு நார்த் துணி என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். அதுவரை தார்ப்பாயைக் கழற்றி, அணியத்தை உயர்த்தி, அடைப்பு ஆணியைக் கழற்றி விடுங்கள், தண்ணீர் வடியட்டும்.